பெயரைப் பிடித்துப் போங்கள்: சுயேச்சை அறிபுனை காமிக்ஸைக் கண்டெடுக்கும் வழி

இரும்புக்கை மாயாவியை வரைந்தவர் யார்? அவரைப் படித்தே வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். ஜெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பெயின்காரர். 1962இல் ‘வேலியன்ட்’ என்ற பிரிட்டிஷ் வார இதழில் தொடங்கிய அந்தத் தொடர்தான் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்து தமிழ்நாட்டுப் பையன்களின் தூக்கத்தைக் கெடுத்தது. மாயாவியை நமக்குத் தெரியும், பிளாஸ்கோவைத் தெரியாது. எழுதியவர், வரைந்தவர் பெயர் தெரியாமலே ஒரு தலைமுறை காமிக்ஸ் படித்து முடித்திருக்கிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெரிய நிறுவனங்களின் காமிக்ஸுக்கு அந்தப் பழக்கம் போதும். ஸ்பைடர்மேனை இன்று ஒருவர் எழுதுவார், அடுத்த வருடம் இன்னொருவர் எழுதுவார்; நாயகனின் பெயர் மட்டும் மாறாது. சுயேச்சை காமிக்ஸில் கணக்கு தலைகீழ். அங்கே நாயகன் காணாமல் போவான், பதிப்பாளர் மாறுவார், தாளில் வந்த தொடர் இணையத்துக்குப் போய் மறுபடி தாளுக்கே திரும்பும். கடைசிவரை கூட வருவது படைப்பாளியின் பெயர் ஒன்றுதான். ஆகவே இந்த அத்தியாயத்தின் முதல் பாடம்: நாயகன் பெயரை விட்டுவிட்டு, ஆளின் பெயரைப் பிடியுங்கள்.

சுயேச்சை என்றால் எது?

கறுப்பு வெள்ளையில் இருந்தால் சுயேச்சை, மலிவுத் தாளில் இருந்தால் சுயேச்சை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதல் ஒன்றிரண்டு பக்கங்களைப் புரட்டி, இருப்பதிலேயே பொடியான எழுத்தில் அச்சாகியிருக்கும் காப்புரிமை வரியைத் தேடுங்கள். சிறு வட்டத்துக்குள் ‘சி’ எழுத்து, பக்கத்தில் ஒரு வருடம், அதற்கடுத்து ஒரு பெயர். அந்தப் பெயர் நிறுவனத்துடையது என்றால், அந்தக் கதையை எழுதியவர் பெரும்பாலும் சம்பளத்துக்கோ கூலிக்கோ வேலை செய்தவர். அந்தப் பெயர் மனிதருடையது என்றால் கதை அவருடைய சொத்து. ‘சாகா’ என்ற விண்வெளித் தொடரை 2012 மார்ச் முதல் வெளியிடுவது இமேஜ் காமிக்ஸ்; சிறிய நிறுவனம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் கதைக்குச் சொந்தக்காரர்கள் எழுதுகிற பிரையன் கே. வானும் வரைகிற ஃபியோனா ஸ்டேபிள்ஸும்தான். 2018இல் அவர்கள் ஓய்வு வேண்டும் என்று நிறுத்தினார்கள். 2022 ஜனவரி வரை தொடர் வரவில்லை. வேறு ஆளை வைத்து இழுத்துக்கொண்டு போக யாராலும் முடியவில்லை. சொத்துரிமை என்பதற்குப் பொருள் அது.

வாசகருக்கு இதில் ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் உண்டு. ஒரே மனம் முதலிலிருந்து கடைசிவரை யோசித்த கதை கிடைக்கும், அது லாபம். அந்த மனம் களைத்துப்போனால் அடுத்த இதழ் வராது. இரண்டையும் ஏற்றுக்கொண்டுதான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

ஏன் உங்கள் கண்ணில் படவில்லை?

அமெரிக்காவில் காமிக்ஸ் முன்பு பெட்டிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் விற்றது. விற்காததைத் திருப்பி அனுப்பலாம். 1970களில் ஃபில் சூலிங் என்பவர் வேறொரு முறையைத் தொடங்கினார்: காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகளுக்கு நேராகச் சரக்கு போகும், தள்ளுபடி அதிகம், ஆனால் விற்காவிட்டால் திருப்பித் தர முடியாது. சுயேச்சைக்காரர்கள் பிறந்தது இந்த ஏற்பாட்டில்தான். எத்தனை பிரதி வேண்டும் என்று கடைகள் முன்கூட்டியே சொல்லிவிடுவதால், கையில் பணமில்லாதவரும் அளவாக அச்சடிக்க முடிந்தது. 1984இல் கெவின் ஈஸ்ட்மனும் பீட்டர் லெயர்டும் சுமார் 3,000 பிரதிகளோடு இறக்கிய கறுப்பு வெள்ளை இதழ்தான் ‘டீனேஜ் மியூட்டன்ட் நிஞ்ஜா டர்ட்டில்ஸ்’. அது பிய்த்துக்கொண்டு ஓடியதும் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் மிருகத்தின் கையில் கத்தியைக் கொடுத்து காமிக்ஸ் போட்டார்கள். சரக்கு குவிந்தது, இரண்டு மூன்று வருடங்களில் சந்தை சரிந்தது. அதன்பிறகு கறுப்பு வெள்ளை இதழ் என்றாலே கடைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கடைக்காரர் முன்பதிவு செய்யாத இதழ் கடைக்கே வராது. கடைக்கு வராததை நீங்கள் பார்க்க முடியாது. பார்க்காததை எப்படிக் கேட்பீர்கள்? நல்ல தொடர்கள் பத்திருபது வருடம் ஓடியும் பெயர் வெளியே தெரியாமல் கிடப்பதற்குத் தரத்தைவிட இதுதான் காரணம்.

ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகவே பேசிக்கொண்டிருந்தால் பிடி கிடைக்காது. ‘ஃபைண்டர்’ என்ற தொடரை எடுத்துக்கொள்கிறேன். கார்லா ஸ்பீட் மெக்நீல் என்ற அமெரிக்கப் பெண்மணி எழுதி, தானே வரைந்து, தன் சொந்தப் பெயர்ப்பலகையான லைட்ஸ்பீட் பிரஸ் மூலம் 1996இல் வெளியிடத் தொடங்கியது. அதைவிட மோசமான வருடத்தை அவர் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. 1994 கடைசியில் மார்வெல் ஒரு விநியோக நிறுவனத்தையே விலைக்கு வாங்கித் தன் சரக்கை அதன் வழியாக அனுப்ப ஆரம்பித்தது. அந்தக் குழப்பத்தில் மற்ற விநியோகஸ்தர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். 1996இல் கேபிடல் சிட்டி என்ற விநியோக நிறுவனத்தை டைமண்ட் என்ற போட்டி நிறுவனம் வாங்கியது. சிறிய பதிப்பாளர்களுக்குக் கடைகளைச் சென்றடைய டைமண்டை விட்டால் வேறு வழி இல்லை என்றானது. (அந்த டைமண்டும் 2025 ஜனவரியில் திவால் மனு கொடுத்துவிட்டது.) அப்படிப்பட்ட நேரத்தில் புதுமுகம் ஒருவர், கறுப்பு வெள்ளையில், சூப்பர் ஹீரோ இல்லாத அறிபுனையைக் கொண்டுவந்தார்.

2005 வரை 38 இதழ்கள் வந்தன. அதன்பிறகு தனி இதழ் கட்டுப்படியாகாது என்று பக்கம் பக்கமாக இணையத்தில் போடலானார். அந்த வடிவத்துக்கு 2009இல் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது கிடைத்தது. 2011இல் டார்க் ஹார்ஸ் நிறுவனம் பழைய 38 இதழ்களையும் ‘ஃபைண்டர் லைப்ரரி’ என்று இரண்டு பெரிய தொகுப்புகளாக்கியது. இணையத்தில் வந்த ‘வாய்ஸ்’ கதையும் அதே வருடம் புத்தகமாகி, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புத்தகப் பரிசைக் கிராபிக் நாவல் பிரிவில் வென்றது. 2014இல் ‘தேர்ட் வேர்ல்ட்’ வண்ணத்தில் வந்தது. சொந்தப் பதிப்பு, இணையம், நிறுவனப் பதிப்பு என்று மூன்று வீடு மாறியிருக்கிறது. லைட்ஸ்பீட் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடியவர் டார்க் ஹார்ஸ் பதிப்புகளைத் தவறவிட்டிருப்பார். மெக்நீல் என்று தேடியவருக்கு எதுவும் தப்பவில்லை.

கதை என்ன? நெடுந்தூர எதிர்காலம். பழைய நாகரிகங்கள் எப்படி அழிந்தன என்பது யாருக்கும் சரியாக நினைவில்லை. கூரை மூடிய ஆன்வார்ட் என்ற பெருநகரத்தில் குலங்கள் ஆட்சி செய்கின்றன. ஒவ்வொரு குலமும் தன் முகச்சாயல் மாறாமல் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறது. லாவெராக் குலத்தில் ஆணும் பெண்போலத்தான் இருப்பான். எல்லோரும் பொன்முடி அழகிகள். மெடவார் குலத்தார் காவலும் மருத்துவமும் பார்க்கும் கண்டிப்பானவர்கள். இந்த இரண்டு குலத்துக்கும் கலப்பு மணத்தில் பிறந்த மூன்று பிள்ளைகள், ரேச்சல், லின், மார்சி. அந்தக் குடும்பத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் வந்து போகும் நாடோடி ஜேகர். அவன் நகரத்து ஆளும் அல்ல, முழுதாகத் தாயின் இனத்தானும் அல்ல. தடம் தேடுவதில் கெட்டிக்காரன். தன் மக்களுக்கு அவன் பாவம் தின்பவன்; பிறர் பழியைச் சுமப்பதற்கென்றே ஒதுக்கப்பட்டவன், அதனால் தீண்டத்தகாதவன்.

குலம், குலத்துக்குள் மணம், கலப்பில் பிறந்த பிள்ளையை யார் தங்கள் ஆளாக ஏற்பது என்ற வழக்கு. இதெல்லாம் அமெரிக்க வாசகருக்கு அயல்கிரகச் சங்கதியாக இருந்திருக்கும். நமக்கு எந்த விளக்கமும் வேண்டியதில்லை. ‘வாய்ஸ்’ கதையில் ரேச்சல் குலத்துக்குள் முழு உறுப்பினர் ஆவதற்காக ஒரு அழகுத் தேர்வில் நிற்கிறாள். அதற்குத் தேவையான பரம்பரை மோதிரம் களவு போகிறது. தோற்றால் ஊரில் இருக்கலாம், ஆனால் யாரும் அல்லாதவளாக. இதைப் படிக்கும் தமிழ் வாசகர் எதிர்காலத்தைப் பார்க்கிறோம் என்றா நினைப்பார்?

எங்கிருந்து தொடங்குவது?

ஒன்றாம் இதழிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சுயேச்சைத் தொடர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். முதல் இதழ்கள் பெரும்பாலும் படைப்பாளி கை பழகும் இதழ்கள். ‘ஃபைண்டர்’ முதல் கதையான ‘சின் ஈட்டர்’ கனமானது: மனைவி மக்களை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்த கொடுமைக்காரக் கணவன், அவனிடமிருந்து தப்பி வந்த குடும்பம், இரண்டு பக்கமும் நட்புள்ள ஜேகர். ஆனால் உலகத்தை அறிமுகம் செய்யாமலே மெக்நீல் கதைக்குள் இறங்கிவிடுகிறார். யார் எந்தக் குலம், எது திருவிழா, எது வழக்கமான நாள் என்று புரியவே நேரமாகும். பாதியில் மூடி வைப்பவர்கள் இங்கேதான் மூடி வைக்கிறார்கள்.

‘டாலிஸ்மன்’ கதையிலிருந்து தொடங்குங்கள். வீட்டின் கடைக்குட்டி மார்சிக்கு இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஜேகர் ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறான். அந்தப் புத்தகம் ஒருநாள் வீட்டைவிட்டுப் போய்விடுகிறது. மண்டையில் ஒயரைச் செருகிக்கொண்டு செய்தியும் பொழுதுபோக்கும் பெறும் ஊரில், தாள் புத்தகம் தேடி ஒரு பெண் வளர்ந்து பெரியவளாகிறாள். கிடைத்ததா, கிடைத்தபோது என்ன ஆயிற்று என்பதைச் சொன்னால் உங்கள் பணம் வீண். சண்டை இல்லை, விண்கலம் இல்லை. வாசிப்புப் பைத்தியம் பிடித்த எவருக்கும் அது தன் கதை என்று தோன்றும். காமிக்ஸே படிக்காதவர் கையில் கொடுக்கவும் இதைத்தான் கொடுப்பேன்.

எண் வரிசை பற்றிய பயத்தையும் விட்டுவிடுங்கள். ‘ப்ராஃபட்’ என்ற பழைய தொடரை 2012இல் பிராண்டன் கிரஹாம் புதிதாக எழுதத் தொடங்கியபோது முதல் இதழின் எண் 21. அதற்கு முந்தைய இருபதையும் யாரும் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அட்டை எண் பல சமயம் கணக்குப்பிள்ளையின் வசதிக்காகப் போடப்படுவது. கதை எங்கே மூச்சு விட்டுத் தொடங்குகிறது என்று பாருங்கள்.

இன்னொரு பழக்கம். புரியாத இடத்தில் நிற்காதீர்கள். அறிபுனை காமிக்ஸில் ஓவியர் மூலையில் ஒரு பொருளை வரைந்து வைத்திருப்பார். கதாபாத்திரங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டார்கள். அவர்களுக்கு அது அன்றாடம். நாற்பது பக்கம் தாண்டி அதே பொருள் இன்னொரு வீட்டில் தென்படும்போது உங்களுக்கே பிடிபடும். முதல் வாசிப்பில் முகங்களை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் வாசிப்பில் பின்னணி.

‘ஃபைண்டர்’ தொகுப்புகளின் கடைசியில் ஒரு பெரும் விருந்து இருக்கிறது: பக்க எண் போட்டு எழுதிய குறிப்புகள். இன்ன பக்கத்தில் சுவரில் தொங்குவது என்ன, இந்தச் சடங்கு எங்கிருந்து பிறந்தது, இந்த ஆளின் கதை பிறகு என்னவாகும், எந்த நாவல் தன்னைக் கெடுத்தது என்று மெக்நீல் அரட்டையடித்துக்கொண்டே போகிறார். சில குறிப்புகள் கதையை மாற்றிவிடும் அளவு முக்கியமானவை. ஆனாலும் கதையோடு கதையாகப் பின்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்காதீர்கள், படிப்பு பரீட்சையாகிவிடும். ஒரு கதையை முழுதாக முடித்துவிட்டு, அடுத்த நாள் குறிப்புகளோடு மறுபடி புரட்டுங்கள். இரண்டாவது முறைதான் இந்தத் தொடர் தன்னை முழுக்கக் காட்டும்.

அடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு பெயர் கிடைத்துவிட்டால் அதிலிருந்து பத்துப் பெயர் கிளைக்கும். படைப்பாளி நன்றி சொல்லும் பக்கத்தைப் படியுங்கள். முன்னுரை எழுதியவர் யார் என்று பாருங்கள். காமிக்ஸ்காரர்கள் தங்களுக்குப் பிடித்தவர்களைப் பற்றி வஞ்சனையில்லாமல் எழுதுவார்கள். பின் அட்டையில் நிறுவனம் அச்சடிக்கும் புகழுரையைவிட இது பத்து மடங்கு நம்பத்தக்கது.

விருதுப் பட்டியல்களும் உதவும், ஆனால் வென்றவரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஐஸ்னர் விருது 1988 முதல் வழங்கப்படுகிறது. அறிபுனைக்கே உரிய ஹியூகோ விருதில் 2009இலிருந்து கிராபிக் கதைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவின் முதல் மூன்று வருடமும் ‘கேர்ள் ஜீனியஸ்’ ஒன்றே வாங்கியது. ஃபில், காயா ஃபோலியோ தம்பதி நடத்தும் தொடர், அதுவும் ‘ஃபைண்டர்’ போலவே 2005இல் இதழை விட்டு இணையத்துக்குப் போனது. வென்றது அது என்றால் தோற்றவை என்ன என்று பாருங்கள். ஒவ்வொரு வருடமும் இறுதிச் சுற்றில் ஐந்தாறு பெயர்கள் நிற்கும். கண்டெடுக்க வேண்டியவை அநேகமாக அங்கேதான் கிடக்கும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் நடக்கும் ஸ்மால் பிரஸ் எக்ஸ்போவில் கொடுக்கப்படும் இக்னாட்ஸ் விருதின் பட்டியலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே வாக்களிப்பது வாசகர்கள்.

இணையக் கடைகள் காட்டும் ‘இதை வாங்கியவர் இதையும் வாங்கினார்’ வரிசையை நான் பொருட்படுத்துவதில்லை. அது ஏற்கனவே விற்பதைத்தான் மேலும் விற்கும்.

வாங்குவதும் எச்சரிக்கையும்

தனி இதழ்களைத் தேடி அலைவது சேகரிப்பாளர் வேலை. வாசகருக்குத் தொகுப்பு போதும். நம் ஊரில் இறக்குமதி கிராபிக் நாவல்கள் விலை கடிக்கும், இருப்பும் நிலையில்லை. இன்று கண்ணில் படுவது அடுத்த மாதம் இருக்காது. அச்சில் தீர்ந்தால் மறுபதிப்புக்கு உத்தரவாதம் இல்லை. வேண்டிய தொகுப்பு நியாய விலையில் கண்ணில் பட்டால் ஒத்திப்போடாதீர்கள். ஆர்டர் கொடுக்கும் முன் உள்ளடக்கத்தில் எந்தெந்தக் கதைகள் இருக்கின்றன என்று சரிபார்ப்பது நல்லது. ஒரே கதை தனி நூலாகவும் தொகுப்புக்குள்ளும் வந்திருக்கும், இரண்டு முறை காசு கொடுப்பீர்கள். ‘டாலிஸ்மன்’ அப்படித்தான், லைப்ரரி முதல் தொகுப்பிலும் இருக்கிறது, தனிக் கெட்டி அட்டைப் பதிப்பாகவும் வந்தது.

மின்பதிப்பு மலிவு. கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம் டேப்லெட் திரையில் நன்றாகவே இருக்கும்; கைப்பேசியில் வேண்டாம், மெக்நீல் பக்கத்தில் திணிக்கும் நுணுக்கங்கள் எல்லாம் தூசியாகிவிடும். ஒன்றை மறக்காதீர்கள்: மின்பதிப்பில் நீங்கள் வாங்குவது படிக்கும் அனுமதி மட்டுமே. காமிக்ஸாலஜி என்ற பிரபலமான செயலியை 2014இல் அமேசான் வாங்கியது. 2023 டிசம்பரில் அந்தச் செயலியையே மூடி எல்லாவற்றையும் கிண்டிலுக்குள் தள்ளிவிட்டது. திரும்பத் திரும்பப் படிக்கப் போகும் புத்தகத்தைத் தாளில் வாங்குங்கள்.

திருட்டு ஸ்கேன் கோப்புகள் சுலபமாகக் கிடைக்கும், யாரும் உங்களைப் பிடிக்கப் போவதில்லை. ஆனால் அதில் நஷ்டப்படுவது ஏதோ ஒரு பெருநிறுவனம் என்று இங்கே மனதைத் தேற்றிக்கொள்ள முடியாது. எழுதி, வரைந்து, குறிப்பும் போட்ட அந்த ஒற்றை ஆளின் வரும்படி அது. அடுத்த கதை வருமா வராதா என்பது அதில்தான் தொங்குகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படம் போட்ட புத்தகம் என்று நம்பிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். ‘ஃபைண்டர்’, ‘சாகா’ இரண்டிலும் நிர்வாணமும் வன்முறையும் உண்டு, இரண்டும் பெரியவர்களுக்கானவை. வீட்டில் இளம் வாசகர் இருந்தால் ‘கேர்ள் ஜீனியஸ்’ பக்கம் அனுப்புங்கள், பதின்ம வயதினருக்கு அது பெரும்பாலும் ஒத்துவரும், இணையத்தில் இலவசமாகவும் கிடைக்கிறது.

ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் ‘ஃபைண்டர் லைப்ரரி’ முதல் தொகுப்பை வாங்குங்கள். ‘டாலிஸ்மன்’ அதில் கடைசிக் கதை. அங்கிருந்து தொடங்கி, பிறகு முன்னால் திரும்பி ‘சின் ஈட்டர்’ படியுங்கள். இரண்டும் பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது அல்ல. இரண்டாம் தொகுப்பில் பணத்தைப் போடாதீர்கள்.